ஓராளுக்கு மூணு கதை

ஏனுங்கம்மிணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கோணும்னு பாக்கலீங்க. பக்கத்துச் சேருல உக்காந்திருக்கறனா, கண்ணு தானாப் போயிருச்சு. நீங்க போன்ல படிக்கறது 'மாணிக்கம் வீட்டு மீனாள்'தானுங்களே? நாப்பத்தி ஒண்ணாவது எபிசோடுங்களா? படிங்க, படிங்க. அதுக்கு மேல வேனில் வசுன்னு போட்டிருக்கும் பாருங்க. அதுல வேனில் மட்டும் நான் சேத்துனதுங்க. நெசப்பேரு வசந்தாமணி. எங்கூட்டுக்காரி.

சத்தியமாத்தானுங்க. நான் எதுக்குப் பொய் சொல்றேன்? இந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்கறா. அந்தா, மூணாம் நெம்பர் ரூமுக்குள்ள. மூக்கு வழியாக் குழாய் உட்டுத் தொண்டையப் பாக்கறாங்க. உங்களுக்கு யாருக்குச் சீக்குங்க? அம்மாவுக்குக் காதுங்களா? அது சின்ன விசயம், சரியாப் போயிரும். இவளுக்குத்தான் தொண்டை கட்டிக்கிட்டு ஆறு மாசமா இழுத்துக்கிட்டே கெடக்குது.

வெளிய வந்ததும் போட்டோ எடுத்துக்கோங்க, தாராளமா எடுத்துக்கோங்க. பேச்சு மட்டும் குடுக்காதீங்க. பேசக்கூடாது. பாதி டாக்டர் சொன்னது, பாதி நான் சொன்னது.

நான் யாருன்னு சொல்லலையே. சென்னியப்பனுங்க. பெருந்துறை ரோட்டுல ஒரு நூல் மில்லுல இருபத்தி மூணு வருசம் சூப்பர்வைசர். மில்லுல ஃப்ரேம்னு சொல்லுவமுங்க, நூல் சுத்தற மிஷினு. ஓராளு ரெண்டு ஃப்ரேம் பாத்துக்கறதுதான் வழக்கம். அதைத்தான் வொர்க்லோடுன்னு சொல்றது. யூனியன்காரங்க ரெண்டுக்கு மேல ஆகாதுன்னு கொடி புடிச்சாங்க. நான் ஸ்டாப்வாட்சைக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு வாரம் பின்னாலயே நடந்து பாத்தேன். ஒரு நூல் அறுந்தா ஒட்டறதுக்கு ஏழு செகண்டு. மிச்ச நேரமெல்லாம் சும்மா நடக்கறாங்க. சும்மா நடக்கறதுக்கா சம்பளம்? ஓராளுக்கு மூணுன்னு எழுதிக் குடுத்தேன். மொதலாளி கையைப் புடிச்சுக் குலுக்குனாரு. ஒரு புள்ள மட்டும் மயக்கம் போட்டு உழுந்துச்சு. அது காலைல சாப்புடாம வந்ததுங்க, அதுக்கு ஃப்ரேம் என்ன பண்ணும்?

அப்பறம் மில்லு மூடிப்போட்டாங்க. வீட்டுல உக்காந்து பாத்தாத்தான் தெரியுது, இவ பாட்டுக்குச் சோத்தை வடிச்சு வெச்சுட்டு, போனை வெச்சுக்கிட்டுக் கதை எழுதிக்கிட்டிருக்கறா. எத்தனை வருசமா எழுதறீன்னு கேட்டா, நாலு வருசமாமா. எனக்குத் தெரியவே தெரியாது. வாரத்துக்கு ஒரு எபிசோடு, மனசு வந்தா. மனசு வரலைன்னா பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு. கீழ பாத்தா நூத்துக்கணக்குல பொம்பளைங்க வரிசையா நிக்கறாங்க. 'வசுக்கா எப்ப யூடி?' 'அக்கா இன்னிக்கு யூடி உண்டா?' யூடின்னா என்னமோன்னு நெனைச்சேன். அடுத்த எபிசோடு போடறதை நீங்கெல்லாம் அப்படித்தான சொல்றீங்க? எனக்கு வகுறு எரிஞ்சு போச்சுங்க. வாங்கறதுக்கு ஆளு வாசல்ல நிக்குது, இங்க மிஷினை நிறுத்திட்டு உக்காந்திருக்கறா.

அன்னிக்குத்தான் சார்ட் போட்டேன். ஓராளுக்கு மூணு கதை. திங்களும் வியாழனும் கிராமத்துக் காதல். செவ்வாயும் வெள்ளியும் கோவக்காரப் பணக்காரன் கதை, அது உங்காளுகளுக்கு நெம்பப் புடிக்குது. புதனும் சனியும் குடும்பக் கதை. ஞாயித்துக்கெழமை லீவு. லீவுன்னா, அன்னிக்கு அச்சுக்குப் போற புத்தகத்துக்குப் பிழை திருத்தறது, அட்டை பாக்கறது, பார்சல் கட்டறது, உங்களாட்டம் வாசகிகளுக்குப் பதில் போடறது. பதிப்பகத்தான் யாரும் வேண்டாம், எல்லாம் நாமளே பண்ணிக்கலாம்னு நாந்தான் சொன்னேன். என்ற வேலை நிர்வாகம். சார்ட் எழுதோணும், நேரம் ஆச்சுன்னு சொல்லோணும், எபிசோடு ரெடியானதும் பட்டனை அமுக்கோணும். அது என்ன லேசுப்பட்ட வேலைங்களா?

படிக்கறதுங்களா? நான் எதுக்குங்க படிக்கறேன்? மில்லுல அத்தனை நூல் ஓட்டுனேன், ஒரு சேலை கட்டிப் பாத்தேனா?

மொதல்ல கொஞ்சம் தடுமாறுனாதான். ஒருக்கா என்ன பண்ணிப்போட்டா, செவ்வாக்கெழமைப் பணக்காரன் வியாழக்கெழமைக் கிராமத்துப் புள்ளைக்குத் தாலி கட்டிட்டான். வேற வேற கதைங்க! 'வசுக்கா, விக்ராந்த் எப்பக்கா பூவாத்தா ஊருக்கு வந்தான்'னு கேட்டு உங்காளுக சிரிச்ச சிரிப்பு இருக்குதே. ரெண்டு நாளு சோறு எறங்கல அவளுக்கு. நான் திட்டலீங்க. மூணு கதைக்கும் மூணு கலர்ல பேரெழுதி அடுப்புக்கு மேல ஒட்டிவெச்சேன். குத்தம் சொல்றது லேசு, வழி சொல்றவந்தான் சூப்பர்வைசர்.

ரெண்டு வருசம் ஜம்முனு ஓடுச்சு. அப்பறம் கை போச்சு. மணிக்கட்டு வீங்கிக்கிச்சு, கட்டைவெரலு மடங்கல. டாக்டர் கைக்கு ரெஸ்ட் குடுங்கன்னாரு. குடுத்தேனுங்க. டாக்டர் சொன்னா நான் மீற மாட்டேன். சட்டையில மாட்டற சின்ன மைக்கு ஒண்ணு வாங்கியாந்து, பேசுனா போனே டைப் அடிக்கற மாதிரி பண்ணிக் குடுத்தேன். கைக்குப் பூரா ரெஸ்ட். இதுல இன்னொரு வசதி பாருங்க. டைப் அடிக்கறப்ப கை அதுல இருக்கும், சோறாக்க முடியாது. வாயில கதை சொன்னா கை சும்மாத்தான இருக்குது? ஒரு பக்கம் வெண்டிக்கா நறுக்கலாம், ஒரு பக்கம் காதல் கட்டம் சொல்லலாம். 'அவன் கண்களில் காதல் வழிந்தது முற்றுப்புள்ளி'ன்னு சொல்லிக்கிட்டே தாளிப்பா. வாயிலயே முற்றுப்புள்ளி சொல்லோணுமுங்க, அப்பத்தான் போனு வெக்கும்.

இப்பச் சொல்றதை யாருகிட்டயும் சொல்லீராதீங்கம்மிணி. நீங்க வாசகிங்கறதால சொல்றேன். இந்த மாணிக்கம் இருக்கறானே, மீனாளோட புருசன், அவன் மொதப் பத்து எபிசோடுல எப்படி இருந்தான்னு நாபகம் இருக்குதுங்களா? வாயில்லாப்பூச்சி. நல்லவன். கதையே தூங்கிக்கிட்டிருந்துச்சு. பதினோராவதுல திடீர்னு மாறுனான் பாருங்க. 'உங்கம்மா இன்னிக்கேவா சாகப்போறா? சனிக்கெழமைதைப் போட்டுட்டுப் போ.' அந்த வசனம். தெரியுமுங்களே? எல்லாரும் அதையத்தான சொல்றாங்க!

அது நான் சொன்னதுங்க.

நெசமாத்தான். அன்னிக்கு வியாழக்கெழமை. எங்க மாமியா காங்கேயத்துல ஆஸ்பத்திரியில சேத்தியிருந்தாங்க. இவ மைக்கை மாட்டிச் சனிக்கெழமை எபிசோடு சொல்லிக்கிட்டிருந்தவ, பாதியில எந்திரிச்சு, ஏனுங்க, அம்மாவைப் பாத்துட்டு வந்தர்ட்டுமான்னு கேட்டா. அந்த எபிசோடு இன்னும் முடியல. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வீட்டுல சொல்றதுதானுங்க அதெல்லாம். மைக்கு ஓடிக்கிட்டிருந்திருக்குது. அவ கேட்டதையும் நான் சொன்னதையும் சேத்தி அடிச்சுவெச்சிருச்சு. நான் எதைப் படிச்சேன்? சனிக்கெழமை பட்டனை அமுக்கிட்டேன்.

தொள்ளாயிரம் கமெண்டுங்க! அதுவரைக்கும் எரநூறைத் தாண்டுனதில்ல. 'வசுக்கா, இப்படி ஒரு கொடூரன எப்படிக்கா எழுதுனீங்க'ன்னு ஒரு புள்ள. 'இவன் வாயில புழு வைக்கோணும்'னு இன்னொண்ணு. உட்டதை நானே அப்பத்தான் படிச்சுப் பாத்தேன். மொதல்ல பகீர்னுதான் இருந்துச்சு. அப்பறம் ரோசிச்சேன். இல்லாத ஆளு மேல இத்தனை கோவம் வருதுன்னா சரக்கு நல்ல சரக்குன்னுதான அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

மாமியாளுங்களா? வெள்ளிக்கெழமை போயிட்டாங்க. யாருக்குங்க தெரியும், வியாழக்கெழமையே தெரிஞ்சிருந்தா நான் உட மாட்டனா? உடனே காரு புடிச்சேன். அதுல கொறை வெக்கல. காங்கேயம் போறதுக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆவுதில்லீங்க, சும்மா போற நேரம். மைக்கைக் கையில குடுத்தேன். அழுதுக்கிட்டேதான் சொன்னா, சனிக்கெழமை எபிசோடுல மிச்சம் பூராவும் ஊரு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அழுகை டைப் ஆவாதுங்க, அது ஒரு வசதி.

அந்தப் பதினோராவதை அழிச்சுட்டுத் திருத்திப் போடட்டுமான்னு நானேதான் கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம்னுட்டா. அப்படியே இருக்கட்டும்னா. அதுக்கப்பறம் நான் ஏதாச்சும் பேச வந்தா மைக்கை அமத்தறதே இல்ல. என்ற பக்கமாத் திருப்பி வெச்சுக்குவா. அன்னிலருந்து மாணிக்கம் பேசறதெல்லாம் நாந்தானுங்க. உப்புக் கம்மியா இருந்ததுக்குத் திட்டுனது, எங்க புள்ளையோட நிச்சயத்துல அவ சிரிச்சுப் பேசுனதுக்குக் கேட்டது, 'கத எழுதறவன்னு வெளிய சொல்லிக்காத, கத வுடறவன்னு சொல்லு' அப்படீன்னது, எல்லாம் ஒரு எழுத்து மாத்தலை அவ. சொந்தமாக் கற்பனை பண்ணி எழுதற பாரம் பாதி கொறைஞ்சிருச்சு பாருங்க. அதுதான் வொர்க்லோடு. புருசம் பொஞ்சாதி பகுந்துக்கறது.

ஏனுங்க, அந்தச் சேருக்குப் போறீங்க? ஃபேன் காத்துங்களா? சரி, சரி. இங்கிருந்தே பேசறேன், கேக்கும்.

தொண்டை கட்டுனது கார்த்திகையில. பனங்கல்கண்டு, மொளகு, சுக்கு எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. தை மாசம் இங்க கூட்டியாந்தேன். மூணு வாரம் வாயே தொறக்கக்கூடாதுன்னாரு டாக்டர். நான் வீட்டுக்குப் போய் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேனுங்க. ஒரு நாளைக்கு ஒரு பொம்பளை எத்தனை பேசறா? பால்காரங்கிட்ட, பக்கத்தூட்டுல, போன்ல புள்ளகிட்ட, எங்கிட்ட. எல்லாம் வெட்டிப் பேச்சு. அதைப் பூரா நிறுத்திட்டா, கதை சொல்றதுக்கு மட்டும் தொண்டை மிச்சமாவும். டாக்டர் சொன்னதுலயும் முக்காப் பங்கு நடந்த மாதிரி ஆச்சு, யூடியும் நிக்கல.

கண்டிசனா நிறுத்திட்டேன். பால்காரனுக்கு வெரல் காட்டுவா. பக்கத்தூட்டுக்காரிக கிட்ட நானே போய்ச் சொல்லிப்போட்டேன், யாரும் வந்து பேச்சுக் குடுக்காதீங்கன்னு. புள்ள ஓசூர்லருந்து கூப்புட்டா, அவ பேசுவா, இவ போன் மேல வெரலால தட்டுவா. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. ஒருக்கா புள்ள 'அம்மா நல்லா இருக்கறயா'ன்னு கேட்டதுக்கு ரெண்டு தட்டுத் தட்டிட்டா. அவ பயந்து எனக்குக் கூப்புட்டு அழுவறா. கை தவறியிருக்கும் கண்ணு, உங்கம்மாவுக்குக் கையும் சரியில்லைன்னு நான் சமாதானம் சொன்னேன்.

எங்கிட்டயும் பேசறதில்ல. நானே போட்ட சட்டந்தான். ஆனா ஒண்ணு சொல்றேனுங்க, சிரிக்காதீங்க. இருபத்தியாறு வருசமா என்னைய 'ஏனுங்க'ன்னுதான் கூப்புடுவா. சாப்புட வாங்கன்னு சொல்றதுக்கு முன்னால ஒரு 'ஏனுங்க.' அதைக் கேட்டு நாலு மாசமாச்சு. போன மாசம் முன்னால ரூம்புல பேப்பர் பாத்துக்கிட்டிருக்கறேன், சமையக்கட்டுலருந்து 'ஏனுங்க'ன்னு கேக்குது. கொரலு கம்மிப் போய், ஆனா அதே இழுவை. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. என்ன வசந்தான்னு எந்திரிச்சு ஓடறேன். கையைக் காட்டி நிறுத்தறா. அவ கூப்புட்டது என்னையில்ல. மீனாள் மாணிக்கத்தைக் கூப்புட்டிருக்கறா.

நின்னு பாத்துட்டு வந்துட்டேன். கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. அப்பறம் மாணிக்கம் பேசறதே நாந்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

மாசியில டாக்டர் உள்ள ஒரு கட்டி தெரியுது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்போணும்னாரு. புத்தகம் வெளிவர்ற நேரம். பங்குனி முடியட்டும்னேன். பங்குனியில உங்க சைட்டுக்காரங்க போட்டி வெச்சுட்டாங்க. சித்திரை முடியட்டும்னேன். இன்னிக்குத்தான் கொண்டாந்திருக்கறேன். கொண்டாந்திருக்கறேன்னா, நேத்து காலையில பத்து மணிக்கு மைக்கைப் போட்டுட்டு வாயை அசைக்கறா, அசைக்கறா, போன்ல ஒரு வரி உழுவல. நான் போன்தான் கோளாறுன்னு நெனைச்சு வேற போனை வெச்சேன். நானே பேசிப் பாத்தேன், எனக்கு டைப் ஆவுது. அவளுக்கு ஆவல. காத்துத்தான் வருது.

இன்னும் ஒம்பது எபிசோடு இருக்குதுங்க. நானே சொல்லி முடிச்சரலாம்னு இருக்கறேன். பாதி நாந்தான சொல்லிக்கிட்டிருக்கறேன்? கமெண்டுல எல்லாரும் மாணிக்கத்துக்குப் பக்கவாதம் வரோணும், மீனாள் ஊட்டை உட்டுப் போயரோணும்னு கேக்கறாங்க. நீங்களும் அதையத்தான் எழுதியிருப்பீங்க, இல்லீங்களா? மூஞ்சியிலயே தெரியுது. ஆனா அது முடிவில்லீங்க. மீனாள் எங்க போவா? கடைசியில அவன் மனசுக்குள்ள எத்தனை பாசம் வெச்சிருந்தான்னு தெரிஞ்சு, அவளே வந்து கால்ல உழுவறா. சுபம். குடும்பக் கதைன்னா பொம்பளை திருந்தோணும். அதுக்கு மீனாள் ஒண்ணும் பேச வேண்டியதில்ல, அழுதாப் போதும்.

அதா, நர்சம்மா வர்றாங்க. சென்னியப்பன் நாந்தானுங்க. சொல்லுங்க. இன்னிக்கே சேத்தோணுமா? நாளைக்குக் காலைல ஆபரேசனா? கட்டி பெருசாயிருச்சா... கொரலு திரும்ப வர்றது உறுதியில்லைன்னா, எப்படீங்க உறுதியில்லைன்னு சொல்றீங்க, பெரிய ஆஸ்பத்திரி இது. சரி, எங்க கையெழுத்துப் போடோணும்? குடுங்க.

இது என்ன இன்னொரு சீட்டு? அவ டாக்டருக்கு எழுதிக் குடுத்தாளா? அர்த்தம் என்னன்னு டாக்டர் எங்கிட்டக் கேக்கச் சொன்னாரா? அவ எழுத்து அப்படித்தானுங்க, கட்டைவெரல் மடங்காது, கோழி கெளறுன மாதிரி இருக்கும். இப்படிக் கொண்டாங்க, நான் படிக்கறேன்.

'டாக்டர், ஆபரேசனுக்கு அப்புறம் எனக்குப் பேச்சு வராம இருக்கும்படி செய்ய முடியுங்களா?'

இருங்க, இன்னொருக்காப் பாக்கறேன்.

ஆமா, வராம இருக்கும்படின்னுதான் இருக்குது. அடியிலே கோடு வேற போட்டிருக்கறா.

பயத்துல மாத்தி எழுதிப்போட்டாளுங்க, நர்சம்மா. வரும்படி செய்ய முடியுமான்னு கேக்க வந்திருக்கறா. மூணு கதை எழுதறவ, பிழை இல்லாம ஒரு பக்கம் இருக்காது, ஞாயித்துக்கெழமையானா அதையத் திருத்தறதுதான் வேலை. டாக்டர் இதைப் படிச்சுட்டு ஏதாச்சும் ஏடாகூடமாப் பண்ணிப்போட்டாருன்னா?

ஏனுங்கம்மிணி, போயிராதீங்க, அந்தப் பேனாவை ஒரு நிமிசம் குடுங்க. இதுல ஒரு வார்த்தையை அடிச்சுட்டுத் தந்தர்றேன்.